இரண்டாவது நடை

அரசாங்கம் போக்குவரத்துக்கு மானியம் வழங்க வேண்டுமா, கூடாதா? சென்ற தவணை நம் கழகத்தின் சொற்போர்ப் பயிற்சிக்கு இப்படியொரு தலைப்பு வந்தது. நான் ஒட்டிப் பேசும் அணியில் இருந்தேன். வெட்டிப் பேசிய அணியில் பொருளியல் துறை நண்பர் ஒருவர், தாள் நிறைய எண்களோடு வந்திருந்தார். அவருக்குப் பதில் தேடவேண்டும் என்ற எண்ணத்தோடு வார இறுதியில் வீட்டுக்குப் போனவள், இரவுச் சாப்பாட்டின்போது இதே கேள்வியை அப்பாவிடம் கேட்டேன். அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர். குலை ஏற்றிய வண்டியை மழைக்காலச் சேற்றிலும் சாயாமல் கொண்டுவந்து சேர்ப்பவர் என்று பெயர் எடுத்தவர். போக்குவரத்தைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் இல்லை.

"எந்த பஸ்ஸுக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் பயிற்சியில் நாங்கள் ஒரு மணி நேரம் பேசியும் யாருமே கேட்காத கேள்வி அது.

கோல சிலாங்கூர் என்றவுடன் வெளியூர் நண்பர்களுக்கு மின்மினிப் பூச்சிகளும் புக்கிட் மெலாவத்திக் குரங்குகளும்தாம் நினைவுக்கு வருகின்றன. கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்த்துவிட்டு, பாசிர் பெனாம்பாங்கில் இறால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். எங்கள் தோட்டம் அந்தப் பக்கம் இல்லை. அசாம் ஜாவாவுக்கும் ஈஜோக்குக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து செம்பனைக்குள் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பட்டணத்துக்குப் போக ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பேருந்து பெரிய சாலையோடு போய்விடும். உள்ளே வரும் சாலை நிறுவனத்தின் சொந்தச் சாலை. முகப்பில் தடுப்புக் கம்பமும் காவலரும் உண்டு. அரசாங்கத்தின் எந்தச் சேவையும் அந்தக் கம்பத்தருகே வந்து நின்றுவிடும் என்று பாட்டி சொல்வார். தண்ணீர்க்குழாயும் மின்சாரமும் தோட்டத்துக்குத் தாமதமாக வந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த வரியும் சேர்ந்தே வரும்.

தமிழ்ப்பள்ளி தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. லயத்திலிருந்து பத்து நிமிட நடை. அதனால் ஆறாம் ஆண்டு முடியும்வரை எனக்குப் போக்குவரத்து என்ற சொல்லே பாடநூலில் மட்டும்தான் இருந்தது. படிவம் ஒன்றுக்குத் தேசிய இடைநிலைப்பள்ளி சென்றபோதுதான் வேன் வாழ்க்கை தொடங்கியது. (ஆசிரியர் குழு இதை 'மூடுந்து' என்று திருத்தக்கூடும். எங்கள் தோட்டத்தில் அது வேன்தான். ஓட்டியவர் வேன் அங்கிள்தான். அவரை 'மூடுந்து ஓட்டுநர்' என்றால் அவருக்கே புரியாது.)

வேன் அங்கிள் காலை ஐந்தே முக்காலுக்கு வருவார். எங்கள் தோட்டத்தில் பதினொரு பேர், அடுத்த தோட்டத்தில் ஐந்து பேர். ஒருவர் மடியில் ஒருவர் என்று உட்கார்ந்து போவோம். பள்ளி முடிந்ததும் இரண்டு மணிக்கு அதே வேன் வாசலில் நிற்கும். பத்து நிமிடம் பார்ப்பார். பிறகு கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்லமாட்டேன். மூன்று மணிக்கு அவருக்கு வேறொரு பள்ளியின் மாலை வகுப்புப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். மாதம் ஒரு பிள்ளைக்கு 90 ரிங்கிட் வாங்கிக்கொண்டு அவர் தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று இப்போது கணக்குப் போட்டால், அவர் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்பதே வியப்பாக இருக்கிறது.

ஆக, எங்களுக்கு இருந்தது ஒரே நடை. காலையில் ஒருமுறை, இரண்டு மணிக்கு ஒருமுறை. அவ்வளவுதான்.

இந்த இரண்டு மணிதான் எங்கள் கதை முழுவதையும் தீர்மானித்தது என்றால் மிகையாகாது. இடைநிலைப்பள்ளியில் எது எது இரண்டு மணிக்குமேல் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். புதன்கிழமை புறப்பாட நடவடிக்கை. விளையாட்டுப் பயிற்சி. எஸ்.பி.எம். மாணவர்களுக்கான கூடுதல் வகுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ். பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழ்மொழி வகுப்பு கால அட்டவணைக்கு வெளியேதான் நடக்கிறது. தமிழ் இலக்கியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மனமுள்ள ஓர் ஆசிரியர் பிற்பகலிலோ சனிக்கிழமையிலோ தம் நேரத்தைக் கொடுத்தால்தான் உண்டு. எங்களுக்கு அப்படியோர் ஆசிரியை கிடைத்தார். செவ்வாயும் வியாழனும் இரண்டரையிலிருந்து நாலரை வரை. அவர் ஒரு காசும் வாங்கியதில்லை. பசிக்குமே என்று பிஸ்கட்டும் வாங்கி வருவார். ஆனால் நாலரைக்குப் பிறகு நாங்கள் வீட்டுக்கு எப்படிப் போவோம் என்பதற்கு அவராலும் ஒன்றும் செய்ய இயலவில்லை.

புறப்பாடத்தை யாரும் விளையாட்டாக எண்ணிவிட வேண்டாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும்போது தேர்வு முடிவுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று புள்ளி கணக்கிடுகிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் அரைப் புள்ளி வித்தியாசத்தில் கேட்ட துறை கிடைக்காமல் வேறு துறைக்கு வந்தவர்கள் என்பது உங்களுக்கே தெரியும். தோட்டத்துப் பிள்ளை அந்தப் பத்தில் பாதியை இரண்டு மணி வேனில் ஏறும்போதே விட்டுவிடுகிறது.

நான் தப்பித்தேன். எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் வேலை காலைப் பெரட்டோடு தொடங்கி மூன்று மணிக்குள் முடிந்துவிடும். குளித்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிடுவார். "நீ இருந்து படிச்சிட்டு வா. நான் வந்து நிக்கிறேன்" என்பார். மழை நாளில் மழைக்கோட்டு எனக்கு. அவர் நனைந்துகொண்டே ஓட்டுவார். போக வர 40 கிலோமீட்டர், வாரம் மூன்று நாள். நான் இன்று இந்த இதழில் எழுதுகிறேன் என்றால் அந்த மோட்டாருக்கும் அதில் பங்குண்டு.

என் தோழியின் அப்பாவுக்குச் செம்பனை ஆலையில் பிற்பகல் வேலை. அவளுடைய அம்மாவுக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. ஆறாம் ஆண்டில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் கட்டுரை என்றால் அவள்தான். கதை சொல்லும் போட்டியில் வட்டார அளவில் பரிசு வாங்கியவள். நான் தமிழில் ஏதாவது எழுதிவிட்டு "நல்லா இருக்கா?" என்று முதலில் அவளிடம்தான் காட்டுவேன். படிவம் நான்கில் இலக்கிய வகுப்புக்கு இருவரும் பெயர் கொடுத்தோம். முதல் இரண்டு வாரம் அப்பா எங்கள் இருவரையுமே ஏற்றி வந்தார். ஒரு மோட்டாரில் மூன்று பேர், பெரிய சாலையில், பனை லாரிகளுக்கு நடுவே. ஒருநாள் லாரி ஒன்று உரசுவதுபோல் வந்து போனது. அன்று இரவே அவளுடைய அப்பா வந்து, "வேண்டாம் அண்ணே, புள்ளைங்க உயிரு முக்கியம்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போகிறவர்கள்தாம்.

"நீ எடு. எனக்கும் சேர்த்து எழுது" என்றாள். இரண்டு மணி வேனில் ஏறிக்கொண்டாள்.

அது 2020ஆம் ஆண்டு. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளி மூடியது. வேனுக்கு வேலை இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. வேன் அங்கிள் தவணை கட்ட முடியாமல் வண்டியை விற்றுவிட்டார். மறுபடி பள்ளி திறந்தபோது எங்கள் தோட்டத்துக்கு வருவதற்கு ஆளில்லை. பாட்டி காலத்தில் எல்லா டிவிசனும் சேர்த்து இருநூறுக்கு மேற்பட்ட தமிழ்க் குடும்பங்கள் இருந்த தோட்டம். அப்போது எஞ்சியிருந்தது முப்பதுக்குச் சற்று மேல். பிள்ளைகள் குறைவு, தூரம் அதிகம் என்றால் எந்த வேன்காரர் வருவார்? இரண்டு மாதம் அப்பாக்கள் முறைபோட்டு மோட்டாரில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த இரண்டு மாதத்தில் மூன்று பையன்கள் பள்ளியை விட்டே நின்றுவிட்டார்கள். யாரும் நிறுத்தவில்லை. ஒருநாள் போகவில்லை, இரண்டு நாள் போகவில்லை, அப்புறம் போவதற்கு வெட்கம்.

தோழி எஸ்.பி.எம். முடித்தாள். ஆறாம் படிவத்துக்கு அழைப்பு வந்தது. இன்னும் தூரமான பள்ளி. போகவில்லை. இப்போது தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். எப்படிப் போகிறாள் தெரியுமா? தொழிற்சாலைப் பேருந்து! காலை ஐந்தரைக்குத் தோட்டத்துக்குள்ளேயே வந்து, லயத்து முனையில் நின்று ஏற்றிக்கொண்டு போகிறது. கட்டணம் கிடையாது. வேலை முடிந்தால் கொண்டுவந்தும் விடுகிறது. மிகைநேரம் செய்தால் அதற்குத் தனி நடை உண்டு. தடுப்புக் கம்பம் அதற்காகத் தூக்கப்படுகிறது. நான்கு கிலோமீட்டர் உள்ளே பேருந்து வராது, வர முடியாது என்று நான் பதினேழு வயதுவரை நம்பியிருந்தேன்.

அப்பா "எந்த பஸ்ஸுக்கு?" என்று கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பேருந்துதான்.

நூல்நிலையத்தில் நம் முன்னோர் வந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோது எனக்கு இன்னொன்று தெரிந்தது. மலாயாத் தமிழரின் முதல் பயணமே மானியப் பயணம்தான். 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அரசாங்கம் அமைத்த குழு அதை நிர்வகித்தது. ஊரிலிருந்து துறைமுகம் வரும் செலவு, நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் சாப்பாடு, கப்பல் கட்டணம் என்று எல்லாம் அந்த நிதியிலிருந்து போனது. வந்தவர் திருப்பிக் கட்டத் தேவையில்லை. 1938இல் இந்திய அரசாங்கம் இந்த வகைக் குடியேற்றத்துக்குத் தடை விதிக்கும்வரை இது நடந்தது. பாட்டியின் அப்பா நாமக்கல் பக்கத்திலிருந்து கப்பலேறியதும் இந்தக் காலத்தில்தான். அவர் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்ததாகக் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை.

1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தது. வேலை இல்லை. பல்லாயிரக்கணக்கானவர்களைத் திரும்பவும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அந்தப் பயணமும் இலவசம்தான்!

ஆகவே மானியம் கூடாது, சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். நம் மக்களை ஏற்றிய வண்டிகளுக்கு எப்போதுமே யாரோ ஒருவர் பணம் கொடுத்துத்தான் வந்திருக்கிறார். கைகள் தேவைப்பட்டபோது கப்பல் வந்தது, தொழிற்சாலைப் பேருந்து வருகிறது. படிக்கப் போவதற்கும் மருத்துவமனைக்குப் போவதற்கும்தான் வண்டி வருவதில்லை. எங்கள் மாவட்டத்து மருத்துவமனை தஞ்சோங் காராங்கில் இருக்கிறது. பாட்டிக்கு நீரிழிவுச் சோதனை என்றால் ஆற்றுப் பாலம் தாண்டிப் போய்வர வாடகைக் காருக்குக் கொடுப்பது, அம்மாவின் இரண்டு நாள் சம்பளம்.

சரி, நம் அரசாங்கம் போக்குவரத்துக்கு மானியம் கொடுக்காமலா இருக்கிறது? கோடிக்கணக்கில் கொடுக்கிறது. பெரும்பகுதி எரிபொருளுக்குப் போனது என்பதுதான் செய்தி. 2008 ஜூன் மாதம் பெட்ரோல் விலை ஒரே நாளில் லிட்டருக்கு 78 சென் ஏறி 2 ரிங்கிட் 70 சென் ஆனது. அதை ஈடுகட்ட 2000 சிசி வரையிலான காருக்கு ஆண்டுக்கு 625 ரிங்கிட், 250 சிசி வரையிலான மோட்டாருக்கு 150 ரிங்கிட் திருப்பிக் கொடுத்தார்கள். அப்பா அஞ்சலகத்தில் அரைநாள் வரிசையில் நின்று 150 வாங்கி வந்ததை அம்மா இன்றும் சொல்வார். அதில் இருக்கும் கணக்கைப் பாருங்கள்: கார் இருப்பவருக்கு 625, மோட்டார் இருப்பவருக்கு 150, வண்டியே இல்லாத பக்கத்து வீட்டு ஆயாவுக்கு ஒன்றுமில்லை.

2025 செப்டம்பர் இறுதியில் புடி95 வந்தது. உரிமம் வைத்திருக்கும் மலேசியர் மாதம் 300 லிட்டர் வரை லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென் விலையில் போட்டுக்கொள்ளலாம் என்று தொடங்கினார்கள். மானியம் இல்லாத விலை அப்போது 2 ரிங்கிட் 60 சென். முன்பு எல்லாருக்கும் போனது இப்போது குடிமக்களுக்கு மட்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு பழைய கணக்குதான். அப்பாவின் மோட்டார் மாதம் 20 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 61 சென் என்றால் அவருக்குக் கிடைத்தது 12 ரிங்கிட் 20 சென். முழு 300 லிட்டரையும் போடுகிற காருக்கு 183 ரிங்கிட். அம்மாவுக்கு உரிமம் இல்லை. பாட்டிக்கு இல்லை. தம்பிக்கு வயதில்லை. எங்கள் வீட்டில் பேருந்து யாருக்குத் தேவையோ, அவர்கள் மூவருக்கும் சுழியம்.

சென்ற விடுமுறையில் இப்போது எங்கள் தோட்டத்துக்கு வரும் புதிய வேன்காரரிடம் ஒன்று கேட்டேன். வாரம் இரண்டு நாள், நாலரை மணிக்கு இன்னொரு நடை அடிப்பதென்றால் என்ன கேட்பீர்கள், அங்கிள்? அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு நடைக்கு அம்பது வெள்ளி கொடுத்தா வரலாம்மா" என்றார். பள்ளி ஆண்டு ஏறத்தாழ 40 வாரம். ஐம்பதை இரண்டால் பெருக்கி நாற்பதால் பெருக்கினால் 4,000 ரிங்கிட். மாதம் 183 ரிங்கிட் வாங்கும் கார் ஆண்டுக்கு 2,196 ரிங்கிட் வாங்குகிறது. அப்படிப்பட்ட இரண்டு கார்களின் மானியம், ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரின் இரண்டாவது நடைக்கும் ஓராண்டு முழுதும் போதும், மிச்சமும் இருக்கும். சொற்போரில் இந்த ஒரு கணக்கை மட்டும் சொன்னேன். எதிரணி நண்பர் தம் தாளைக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார்.

அவர் லேசில் விடுகிறவர் அல்லர். "அப்படியானால் அந்தப் பணத்தைப் பெற்றோர் கையிலேயே கொடுத்துவிடலாமே! எதற்கு அரசாங்கம் வண்டி ஓட்ட வேண்டும்? மூன்று பேருக்காக நாற்பது இருக்கைப் பேருந்தை ஓட்டுவது வீண்செலவு இல்லையா?" என்றார். நல்ல கேள்வி. பாதி சரியும்கூட. பெரிய பேருந்து தேவையில்லை. எங்கள் தோட்டச் சாலை வளைவில் அது திரும்பவும் திரும்பாது. ஆனால் பணம் கையில் வந்தால் வண்டி தானாக வந்துவிடும் என்பதில்தான் நான் மாறுபடுகிறேன். சிலாங்கூர் மாநில அரசு வசதி குறைந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டண உதவியாக 300 ரிங்கிட் கொடுத்து வந்திருக்கிறது. அது வந்த மாதம் பல வீடுகளில் அடுப்பு நிம்மதியாக எரிந்தது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அந்தப் பணம் ஏற்கெனவே வருகிற வேனுக்குக் கட்டணம் கட்டும். வராத வேனை வரவழைக்காது.

பேருந்துத் தொழிலின் சூத்திரத்தைப் புரிந்துகொண்டால் இது விளங்கும். டிக்கெட் பணத்தை மட்டும் நம்பி ஓடும் நிறுவனம், ஆளில்லாத நடையை முதலில் வெட்டும். நடை குறைந்ததும் இருக்கிற ஆள்களும் எப்படியாவது மோட்டார் வாங்கிவிடுவார்கள். ஆள் மேலும் குறையும். இன்னொரு நடை வெட்டப்படும். நாடு முழுவதும் இப்படித்தான் நடந்தது. 2012ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உள்ளூர்ப் பேருந்து நிறுவனங்கள் மூடாமலிருக்க 40 கோடி ரிங்கிட் இடைக்கால நிதி ஒதுக்க வேண்டியதாயிற்று. பிறகு 2015இலிருந்து சிரம்பான், ஈப்போ போன்ற நகரங்களில் வேறொரு முறை வந்தது. 'மைபஸ்' என்று எழுதிய பேருந்துகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நிறுவனத்துக்கு அரசாங்கம் ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கிறது. நான்கு பேர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் வண்டி நேரத்துக்கு ஓட வேண்டும். எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது. எரிபொருளுக்கும் கொடுக்க வேண்டாம், ஆளுக்கும் கொடுக்க வேண்டாம், நடைக்குக் கொடுங்கள்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். 2021 மே 8ஆம் தேதியிலிருந்து அங்கே சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். போக்குவரத்துக் கழகங்களுக்கு அந்த இழப்பை மாநில அரசு ஈடுகட்டுகிறது. மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்தபோது, ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாகத் தெரிந்தது. வீட்டு வேலைக்கும் சந்தைக்கும் போகிற ஒரு பெண்ணுக்கு அது பெரிய தொகை. ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடக்கூடாது. அங்கே அந்தப் பேருந்து முன்பிருந்தே கிராமத்துக்குள் வந்துகொண்டிருந்தது; பிறகுதான் இலவசமாக்கினார்கள். ஜெர்மனியில் 2022 கோடைக்காலத்தில் மூன்று மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் சுற்றலாம் என்றார்கள். நகரவாசிகள் கொண்டாடினார்கள். பேருந்தே அரிதான சிற்றூர்களில் அந்த டிக்கெட்டை வைத்து என்ன செய்வது?

இங்கே நானும் ஒரு நகரவாசியாகிவிட்டேன். மாதம் 50 ரிங்கிட்டுக்கு 'மை50' அட்டை வைத்திருக்கிறேன். எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., ரேப்பிட் பேருந்து என்று எதில் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். தங்கும் விடுதியிலிருந்து துறைக்குப் போகப் பல்கலைக்கழகப் பேருந்து வேறு. அது பத்து நிமிடம் தாமதித்தால் நம் வகுப்புப் புலனக்குழுவில் எழும் கூச்சலை நீங்களே பார்த்திருப்பீர்கள். (நான் அந்தக் கூச்சலில் கலந்துகொள்வதில்லை. ஆனால் மனத்துக்குள் திட்டுவதுண்டு.) வீட்டுக்குப் போகும்போது அட்டை சுங்கை பூலோ வரைக்கும் செல்லும். அதற்குமேல் அப்பாவுக்கு அழைக்க வேண்டும். தலைநகரில் படிக்கும் எனக்கு அரசாங்கம் இவ்வளவு செய்கிறது. இதை வேண்டாம் என்று சொல்ல நான் தயாரில்லை. இதில் ஒரு பங்கு சுங்கை பூலோவைத் தாண்டட்டும் என்றுதான் கேட்கிறேன்.

தோட்டத்தில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. நம்மவர்களே கேட்கிறார்கள். "வசதி வேண்டுமானால் வெளியே வந்துவிட வேண்டியதுதானே" என்று ஒரு முன்னாள் மாணவர் நம் விருந்தொன்றில் என்னிடம் சொன்னார். வெளியே வருவதற்குத்தான் ஐயா வண்டி கேட்கிறோம்! அப்பா ஓய்வுபெறும்வரை அந்த வீடுதான் எங்களுக்கு வீடு. பட்டணத்தில் வாடகை கொடுத்து, அதிகாலைப் பெரட்டுக்கு எப்படிப் போவார்?

தம்பி இப்போது படிவம் மூன்று. அந்த ஆசிரியை இன்னும் அதே பள்ளியில் இருக்கிறார். இன்னும் செவ்வாயும் வியாழனும்தான். அப்பாவுக்கு முதுகுவலி, மோட்டாரில் நெடுந்தூரம் போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு படிவம் நான்கில் அவன் இலக்கியம் எடுப்பானா என்பதை அவன் ஆர்வத்தைக் கேட்டு முடிவுசெய்ய முடியாது. ஆர்வம் இருக்கிறது. என் பழைய நோட்டுகளை எடுத்துக் கிறுக்கி வைத்திருக்கிறான்.

ஆண்டுதோறும் நம் கழகம் இடைநிலைப்பள்ளிகளுக்குச் சென்று, எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் இலக்கியமும் எடுங்கள் என்று வலியுறுத்துகிறது. மாணவர்களிடம் ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொல்வோம்: எடுக்கிறாயா, இல்லையென்றால் ஏன்? 'ஆர்வமில்லை', 'கடினம்', 'பெற்றோர் விரும்பவில்லை' என்று மூன்று கட்டங்கள் இருக்கும். அதில் நான்காவதாக 'வகுப்பு முடிந்தபின் வீடு திரும்ப வண்டியில்லை' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிச் செயலவைக்கு எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள். எத்தனை பேர் அதில் குறியிடுகிறார்கள், எந்தத் தோட்டம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்கு என்று பட்டியல் எடுத்து, இந்த 4,000 ரிங்கிட் கணக்கோடு சட்டமன்ற உறுப்பினர்களிடமும் கல்வி இலாகாவிடமும் கொடுப்பதென்று முடிவாகியிருக்கிறது.

அடுத்த தவணையில் முதலில் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரப் பள்ளிகளுக்குப் போகிறோம். படிவங்கள் அச்சாகிவிட்டன. பதினைந்து பேர் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்குப் பள்ளி போக வேன் வாடகைதான் இன்னும் சேரவில்லை.